விமானியின் கண்ணாடி எதை விட்டுவைக்க வேண்டும்?

கூலிங் கிளாஸ் விற்பவர்கள் அது எதையெல்லாம் தடுக்கும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். புற ஊதாக் கதிரைத் தடுக்கும், கண்கூச்சத்தைத் தடுக்கும், நீல ஒளியைத் தடுக்கும், தண்ணீரின் பளபளப்பைத் தடுக்கும். கடற்கரையில் காலை நீட்டிப் படுத்திருப்பவருக்கு இந்தப் பட்டியல் எவ்வளவு நீண்டாலும் நல்லதுதான். விமானம் ஓட்டுபவரின் நிலைமை வேறு. அவர் கண்ணுக்கு வந்து சேரும் ஒளியில் பெரும்பகுதி அவருக்குச் செய்தி. ஓடுபாதையின் ஓரத்தில் எரியும் சிவப்பு விளக்கு, காக்பிட் திரையில் தோன்றும் மஞ்சள் எச்சரிக்கை, தொலைவில் இன்னொரு விமானத்தின் மீது கண நேரம் மின்னி மறையும் வெயில் எல்லாமே மூக்கின்மேல் உட்கார்ந்திருக்கும் இரண்டு வில்லைகளைக் கடந்துதான் அவரை எட்ட முடியும். அதனால் ஒரு கண்ணாடி எதைத் தடுக்கிறது என்று கேட்பதோடு, அப்படித் தடுப்பதற்காக எதை இழக்க வைக்கிறது என்றும் கேட்டாக வேண்டும். கேட்டுப் பார்த்தால், கடையில் கூடுதல் விலை போட்டு வைத்திருக்கும் சிறப்பம்சங்கள் பலவும் விமானிக்கு ஆகாதவை என்றும், அலங்காரம் ஏதுமற்ற சாம்பல் நிறக் கண்ணாடியே அவருக்குப் பொருந்துவது என்றும் தெரியவரும்.

ஒரு கண்ணாடிக்கு இத்தனை ஆராய்ச்சியா என்று தோன்றலாம். 1996 அக்டோபர் 19 அன்று நியூயார்க்கின் லாகார்டியா விமான நிலையத்தில் இறங்க வந்த டெல்டா நிறுவனத்தின் எம்டி-88 விமானம் ஓடுபாதைக்கு முன்பிருந்த வழிகாட்டி விளக்குகளில் மோதி, ஓடுபாதையின் விளிம்பில் இடித்து, சறுக்கிக்கொண்டே போய் நின்றது. உயிரிழப்பு இல்லை. விசாரணை நடத்திய அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், விபத்துக்கான காரணத்தைக் கேப்டன் அணிந்திருந்த கான்டாக்ட் லென்ஸில் கண்டது. ஒரு கண்ணைத் தூரப் பார்வைக்கும் மறு கண்ணைக் கிட்டப் பார்வைக்கும் பிரித்து ஒதுக்கும் வகை அது. அன்றாட வாழ்வில் அதனால் பெரிய தொல்லை இருப்பதில்லை. ஆனால் நீர்ப்பரப்பின் மேல், மங்கிய வானிலையில் இறங்கும்போது தன் விமானம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை அவரால் சரியாகக் கணிக்க முடியவில்லை. கூலிங் கிளாஸுக்கும் அந்த விபத்துக்கும் தொடர்பில்லை. கண்ணுக்கும் உலகத்துக்கும் நடுவே வைக்கும் எந்த வில்லையும் விமானத்தின் கருவிகளில் ஒன்றாகிவிடுகிறது என்பதற்கு அது சாட்சி.

கண்ணாடியே வேண்டாம் என்று விட்டுவிடவும் முடியாது. தரையில் நிற்கும் மனிதனுக்கு வெளிச்சம் மேலிருந்து வருகிறது. நெற்றி மேடும் புருவமும் மேலிமையும் அந்தத் திசைக்குத் தக்கபடி அமைந்த கூரைகள். மேகங்களுக்கு மேலே ஏறியதும் இந்த ஏற்பாடு குலைந்துவிடுகிறது. அடர்ந்த மேகத்தின் மேற்பரப்பு தன்மீது விழும் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. புதுப்பனி போர்த்திய நிலம் 80 சதவீதத்துக்கும் மேல் திருப்புகிறது. வெளிச்சம் கீழிருந்து, புருவத்தின் நிழல் எட்டாத பக்கத்திலிருந்து கண்ணுக்குள் ஏறுகிறது. நாள் முழுக்க இப்படிக் கூசிக்கொண்டு பறப்பவர் களைத்துப்போவார் என்பது ஒருபுறம் இருக்க, அன்றிரவுப் பார்வையும் கெடுகிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் செலிக் ஹெக்டும் அவருடைய குழுவினரும் வெயில் கொளுத்தும் கடற்கரையில் பகலைக் கழித்தவர்களின் இரவுப் பார்வையைச் சோதித்து 1948-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இரண்டு மூன்று மணி நேரம் வெறுங்கண்ணோடு வெயிலில் இருந்தவர்களின் கண் இருட்டுக்குப் பழகத் தாமதமானது. நாள்தோறும் வெயில்பட்டால் அந்தக் குறை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தது. விழித்திரையின் கோல் செல்களில் உள்ள ரோடாப்சின் என்ற நிறமி கடும் ஒளியில் சிதைந்து, மெதுவாகத்தான் மீண்டும் உருவாகிறது. ஆகவே இரவு எட்டு மணிக்குப் பறக்கப்போகிறவர் பகல் இரண்டு மணிக்கே, தரையில் இருக்கும்போதே, கண்ணாடி போட்டுக்கொள்ள நியாயம் இருக்கிறது.

விமானிகளுக்கென்று கண்ணாடி பிறந்த கதையும் இந்தத் தேவையிலிருந்து தொடங்குவதுதான். 1920 பிப்ரவரியில் அமெரிக்காவின் டேட்டன் நகருக்கு மேலே 33,000 அடிக்கும் மேல் ஏறிய மேஜர் ருடால்ஃப் ஷ்ரோடர், கண்கள் உறைந்துபோய்ப் பார்வை இழந்த நிலையில் தரையிறங்கினார். அவருடைய சகாவான ஜான் மக்ரெடி அடுத்த ஆண்டு அவரையும் விட உயரமாக ஏறினார். விமானிகளின் கண்ணைக் காக்கும் கண்ணாடி ஒன்று வேண்டும் என்று பாஷ் அண்ட் லாம் நிறுவனத்தை அணுகியவர் இவர்தான் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. எப்படியோ, 1937-இல் அந்த நிறுவனம் ‘ரே-பான்’ என்ற பெயரில் பச்சை வில்லை போட்ட கண்ணாடியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நீர்த்துளிபோல் கன்னம் வரை தொங்கும் அதன் வடிவம், குனிந்து கருவிகளைப் பார்க்கும்போதும் விழியை மூடி நிற்கிறது. அதற்குப் பின் அமெரிக்க ஜெனரல் மக்ஆர்தரும், 1986-இல் வந்த ‘டாப் கன்’ படமும் அதை நாகரிகப் பொருளாக்கிவிட்டார்கள். இன்று அதே வடிவத்தில் எந்த வில்லையை வேண்டுமானாலும் பொருத்தி ‘ஏவியேட்டர்’ என்று விற்கிறார்கள். வடிவம் விமானிக்கானது, வில்லை யாருக்கானது என்று தெரியாது.

முதல் கேள்வி, எவ்வளவு கறுப்பு? அமெரிக்க மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகம் (இனி ‘எஃப்ஏஏ’) விமானிகளுக்கென்று வெளியிட்ட கையேடு, கண்ணுக்குப் புலனாகும் ஒளியில் 70 முதல் 85 சதவீதத்தைத் தடுக்கும் வில்லை போதும் என்கிறது. அதற்குமேல் தடுப்பது வேண்டாம் என்றும் சொல்கிறது. அதாவது 15 முதல் 30 சதவீதம் ஒளி உள்ளே வந்தாக வேண்டும். அமெரிக்க ராணுவ விமானிகளின் கண்ணாடியும் 15 சதவீத ஒளியை விடும் சாம்பல் வில்லை போட்டதுதான். கடைகளில் இருக்கும் கண்ணாடிகளில் இந்த எண் நேராக அச்சிட்டிருக்காது. சர்வதேசத் தரப்படி 0 முதல் 4 வரை ஒரு வகை எண் இருக்கும். வகை 2 என்றால் 18 முதல் 43 சதவீத ஒளியும், வகை 3 என்றால் 8 முதல் 18 சதவீத ஒளியும் உள்ளே வரும். வகை 4 வெறும் 3 முதல் 8 சதவீதம். பனிமலை ஏறுகிறவர்களுக்கானது, கார் ஓட்டவே கூடாதது. இதில் ஒரு சங்கடம் உண்டு. 8 சதவீதம் விடும் வில்லையும் 18 சதவீதம் விடும் வில்லையும் ஒரே ‘வகை 3’ முத்திரையோடு பக்கத்துப் பக்கத்தில் தொங்கும். ஒன்றைவிட மற்றது இரு மடங்குக்கும் மேல் வெளிச்சமானது. எனவே வகை எண்ணோடு நின்றுவிடாமல், தயாரிப்பாளர் தரும் ஒளி ஊடுருவல் சதவீதத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.

கறுப்பு கூடினால் கண்ணுக்கு இதம்தானே, கூடினால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு இரண்டு பதில்கள் இருக்கின்றன. கண் பாவை வெளிச்சத்தில் சுருங்கி, இருட்டில் விரிகிறது. சுருங்கிய பாவை நுண்துளைக் கேமராவைப்போல் கிட்டத்தில் இருப்பதையும் தூரத்தில் இருப்பதையும் ஓரளவு ஒரே தெளிவில் காட்டும். மிகக் கறுத்த வில்லைக்குப் பின்னால் பாவை விரிந்துகொள்ள, இந்தச் சலுகை போய்விடுகிறது. இருபத்தைந்து வயதுக்காரர் இதைக் கவனிக்கவே மாட்டார். அவர் கண்ணின் வில்லை இன்னும் நெகிழ்ந்து கொடுக்கும். நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து தொடங்கியவருக்கு, வெறுங்கண்ணால் எப்படியோ படித்துக்கொண்டிருந்த வரைபட எழுத்துகள் கறுப்புக் கண்ணாடி போட்டதும் கலங்கிவிடும். சர்வதேச விதிகள் விமானப் போக்குவரத்து நிறுவன விமானிகளை 65 வயது வரை பறக்க விடுகின்றன என்பதால், காக்பிட்டில் உட்கார்ந்திருப்பவர்களில் கணிசமானோர் இந்த இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தவர்கள்.

இரண்டாவது பதில் இன்னும் அடிப்படையானது, பலரும் யோசிக்காதது. வெளியே உள்ள மேகம் கருவித் திரையைவிட முப்பது மடங்கு பிரகாசமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விமானியின் தொல்லைக்குக் காரணம் வெளிச்சத்தின் மொத்த அளவு மட்டுமல்ல, இந்த முப்பது மடங்கு இடைவெளியும்தான். மேகத்தைப் பார்த்த கண்ணைத் திரைக்குத் திருப்பினால் திரை இருண்டு கிடக்கிறது. 15 சதவீதக் கண்ணாடி போட்டால் மேகமும் ஏழில் ஒரு பங்காகக் குறைகிறது, திரையும் ஏழில் ஒரு பங்காகக் குறைகிறது. இடைவெளி அதே முப்பது மடங்கு. இன்னும் கறுப்பாகப் போட்டாலும் அதே முப்பதுதான். அதற்குள் திரை படிக்க முடியாத நிலைக்கு இறங்கியிருக்கும். இடைவெளியைக் குறைக்க வேண்டுமானால் வில்லையின் மேல்பாதி கறுத்தும் கீழே வரவர வெளுத்தும் இருக்க வேண்டும். வெளியே பார்க்க மேல்பகுதி, கருவிகளைப் பார்க்கக் கீழ்ப்பகுதி. நல்ல தீர்வு, ஆனால் முழுத் தீர்வல்ல. பெரிய விமானங்களில் தலைக்கு மேலேயும் ஒரு சுவிட்சுப் பலகை இருக்கிறது. அதை வில்லையின் மிகக் கறுத்த பகுதி வழியாகத்தான் பார்க்க வேண்டிவரும். கீழிருந்து மேகம் வீசும் வெளிச்சமோ வெளுத்த பகுதி வழியாகத் தாராளமாக நுழையும். ஒற்றை எஞ்சின் விமானத்தில் பயிற்சி பெறுபவருக்குச் சரியாக இருக்கும் இந்தக் கண்ணாடி, ஏர்பஸ் ஓட்டுபவருக்கு எரிச்சலாகலாம்.

நேர் எதிரே நிற்கும் சூரியனுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். எஃப்ஏஏ ஆய்வாளர்கள் 1988 முதல் 1998 வரையிலான அமெரிக்க விபத்துப் பதிவுகளை அலசியபோது, வெயிலின் கண்கூச்சம் பங்களித்த விபத்துகள் 130 கிடைத்தன. பெரும்பாலானவை வானம் தெளிவாக இருந்த நாட்களில் நடந்தவை. பாதிக்கும் மேற்பட்டவை மேலேறும்போதோ தரையிறங்க வரும்போதோ நேர்ந்தவை. அப்படியானால் இன்னும் நல்ல கண்ணாடி இருந்திருந்தால் அவற்றைத் தவிர்த்திருக்கலாம் அல்லவா? அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. சூரியன் பார்வைக்குள் இருக்கும்போது அதன் ஒளி கண்ணின் உள்ளேயே சிதறி, விழித்திரைமேல் ஒரு வெண்திரையை விரிக்கிறது. அந்தத் திரைதான் எதிரே வரும் விமானத்தை மறைக்கிறது. கூலிங் கிளாஸ் வெண்திரையையும் மங்க வைக்கும், விமானத்தின் உருவையும் அதே அளவில் மங்க வைக்கும். இரண்டுக்குமான விகிதம் மாறாது. கூச்சத்தின் வேதனை குறையும், மறைந்தது வெளிப்படாது. சூரியனை மட்டும் மறைத்து மற்றதை அப்படியே விடும் பொருள்தான் அங்கே உதவும்: காக்பிட்டின் மடக்குத் திரை, தொப்பியின் முனை, ஏன், நீட்டிய உள்ளங்கைகூட. முன்கண்ணாடியில் ஒட்டிய பூச்சிகளும் வில்லையில் விழுந்த கீறல்களும் சிதறலைக் கூட்டுவதால், ஒரு துணியும் கொஞ்சம் சுத்தமான நீரும் விலை உயர்ந்த வில்லையைவிட அதிகம் செய்யக்கூடும்.

இதுவரை சொன்னதில் ஒவ்வொரு தடுப்புக்கும் ஒரு விலை இருந்தது. விலையே இல்லாத தடுப்பு ஒன்று உண்டு என்றால் அது புற ஊதாக் கதிரைத் தடுப்பதுதான். மனிதக் கண்ணுக்கு அது தெரிவதில்லை. அதில் விமானிக்கு வேண்டிய செய்தி எதுவும் இல்லை. முழுதும் வெட்டிவிட்டாலும் நஷ்டம் கிடையாது. உயரம் ஆயிரம் மீட்டர் கூடும்போது புற ஊதாக் கதிரின் அளவு ஏறக்குறைய பத்து சதவீதம் கூடுகிறது என்பதால் இதில் கஞ்சத்தனம் காட்டவும் கூடாது. விமானத்தின் முன்கண்ணாடியே அதைத் தடுத்துவிடுகிறதே என்பார்கள். பாதி உண்மை. புற ஊதாக் கதிரில் குறுகிய அலைநீளம் கொண்ட ‘பி’ வகையை எல்லா முன்கண்ணாடிகளும் கிட்டத்தட்ட முழுதாகத் தடுத்துவிடுகின்றன. ‘ஏ’ வகை அப்படியல்ல. சில முன்கண்ணாடிகள் அதையும் நிறுத்திவிடுகின்றன, சில தாராளமாக உள்ளே விடுகின்றன. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் மார்ட்டினா சான்லொரென்சோவும் சகாக்களும் ஒரு டர்போபிராப் விமானத்தின் விமானி இருக்கையில் அளவெடுத்து 2015-இல் சொன்ன கணக்கு பிரபலமானது: 30,000 அடி உயரத்தில் சுமார் 57 நிமிடம் பறப்பது, தோலைக் கறுக்க வைக்கும் விளக்குப் படுக்கையில் 20 நிமிடம் படுத்திருப்பதற்குச் சமமான ‘ஏ’ வகைக் கதிரைத் தருகிறது. ஒரு விமானத்தில் எடுத்த அளவை எல்லா விமானங்களுக்கும் நீட்டுவது தவறு என்பது நியாயமான ஆட்சேபம். ஆனால் தன் விமானத்தின் முன்கண்ணாடி எந்த ரகம் என்று பெரும்பாலான விமானிகளுக்குத் தெரியாது. தடுப்பதற்குச் செலவும் இல்லை. 400 நானோமீட்டர் வரை தடுக்கும் வில்லையை வாங்கிவிட்டால் விவாதம் முடிந்துவிடும். பாலிகார்பனேட் வில்லை இயல்பிலேயே இதைச் செய்கிறது. வண்ணத்துக்கும் கறுப்புக்கும் இதில் பங்கில்லை, விலைக்கும் பெரிதாக இல்லை.

விமானிகளின் கண்புரை பற்றிப் பேசும்போதெல்லாம் புற ஊதாக் கதிரே குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. ஆனால் 2005-இல் ஐஸ்லாந்தின் வில்ஹ்யால்முர் ராஃப்ன்சனும் குழுவினரும் விமானிகளையும் பிறரையும் ஒப்பிட்டு, விழிவில்லையின் மையத்தில் விழும் கண்புரைக்கும் விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்வீச்சுக்கும் தொடர்பு இருப்பதாகக் கண்டார்கள். காஸ்மிக் கதிரை விமானத்தின் உடலே தடுப்பதில்லை. இரண்டு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் என்ன செய்யும்? ‘விமானிகளின் கண்புரையைத் தடுக்கும்’ என்ற விளம்பரத்தைப் பார்த்தால் சற்றே சந்தேகப்படுவது நல்லது.

புற ஊதாவை அடுத்து இருப்பது நீலம். அதையும் வெட்டினால் தொலைவில் உள்ளவை தெளிவாகின்றன என்று ஆம்பர் நிற, ஆரஞ்சு நிற வில்லைகளுக்கு ஆதரவாளர்கள் உண்டு. காற்றில் சிதறும் ஒளியில் நீலமே அதிகம் என்பதால், மூட்டமான நாளில் நீலத்தைக் குறைத்தால் மலைமுகடுகள் எடுப்பாகத் தெரிவது உண்மைதான். ஆனால் நீலம் விமானிக்குச் செய்தி. அதைப் பறித்தால் மிச்ச நிறங்களும் இடம் மாறுகின்றன: வெள்ளை மஞ்சளாகும், பச்சை மங்கும். தரையிறங்கும் கோணத்தைக் காட்டும் நான்கு விளக்குகள் ஓடுபாதையின் பக்கத்தில் எரிகின்றன. இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்றால் உயரம் சரி, நான்கும் சிவப்பு என்றால் ஆபத்தான தாழ்வு. 2002 ஜூலை 26 அன்று விடியும் முன்னே அமெரிக்காவின் டலஹாசியில் ஃபெடெக்ஸ் நிறுவனத்தின் போயிங் 727 சரக்கு விமானம் ஓடுபாதைக்கு முன்பாகவே விழுந்தது. களைப்பும் கவனக்குறைவும் அதற்குக் காரணங்கள் என்று சொன்ன விசாரணை வாரியம், துணை விமானியின் நிறப்பார்வைக் குறைபாட்டையும் அவற்றோடு சேர்த்தது. அவருடையது பிறவிக் குறை. ஆழ்ந்த ஆரஞ்சு வில்லை அணிபவர் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளும் குறைக்கும் அதற்கும் அளவில்தான் வேறுபாடு. சாம்பல் நிறம் எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைப்பதால் எஃப்ஏஏ அதற்கு முதலிடம் தருகிறது. சாம்பல் கலந்த பச்சையையும் பழுப்பையும் அது ஏற்கிறது. மூட்டம் மிகுந்த இடத்தில் பறப்பவர் இளம் பழுப்பைத் தேர்ந்தால் குறை சொல்ல மாட்டேன். அதைத் தாண்டிப் போகக் கூடாது.

இனி போலரைஸ்டு வில்லை. கடைக்காரர் கடைசியாக எடுத்து வைப்பது, மீனவர்களும் கார் ஓட்டிகளும் மெச்சுவது, விமானிக்கு எஃப்ஏஏ பரிந்துரைக்காதது. ஒளி அலை தான் செல்லும் திசைக்குக் குறுக்கே எல்லாப் பக்கமும் அதிர்கிறது. ஒரே தளத்தில் மட்டும் அதிரும்படி ஆகிவிட்டால் அதைத் தளவிளைவுற்ற ஒளி என்கிறோம். 1808-இல் பாரிஸில் எத்தியென் லூயி மாலஸ், லக்சம்பர்க் அரண்மனையின் ஜன்னல்களில் பட்டுத் திரும்பிய மாலை வெயிலை ஒரு படிகத்தின் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். படிகத்தைத் திருப்பத் திருப்ப வெளிச்சம் கூடிக் குறைந்தது. நீர், கண்ணாடி, தார்ச்சாலை போன்ற பரப்புகளில் சாய்வாகப் பட்டுத் திரும்பும் ஒளி பெரும்பாலும் கிடைமட்டத் தளத்தில் அதிர்கிறது என்பது இப்படித்தான் வெளிப்பட்டது. 1929-இல் எட்வின் லேண்ட் காப்புரிமைக்கு விண்ணப்பித்த மலிவான படலம் இந்த அறிவைச் சட்டைப்பைக்குக் கொண்டுவந்தது. போலரைஸ்டு வில்லை, நிமிர்ந்த கம்பிகள் போட்ட ஜன்னலைப் போன்றது: தட்டை நிமிர்த்திப் பிடித்தால் உள்ளே போகும், படுக்கவைத்தால் முட்டி நிற்கும். தண்ணீரின் பளபளப்பு படுத்த தட்டு. மீன் தெரிகிறது, மீனவருக்கு மகிழ்ச்சி.

காக்பிட்டில் தொல்லை எங்கே வருகிறது என்றால், அங்கே இருக்கும் எல்சிடி திரைகளும் தளவிளைவுற்ற ஒளியைத்தான் வெளியிடுகின்றன. 1995-இல் சேவைக்கு வந்த போயிங் 777 முதல் பயணிகள் விமானங்களின் முதன்மைக் கருவிகள் இத்தகைய தட்டைத் திரைகளுக்கு மாறிவிட்டன. திரையின் தளமும் கண்ணாடியின் தளமும் ஒன்றானால் எல்லாம் நன்றாகத் தெரியும். 45 பாகை விலகினால் பாதி ஒளி போய்விடும். 90 பாகை விலகினால் திரை கறுத்துவிடும். ‘நான் போட்டுப் பார்த்தேன், என் விமானத்தின் திரை தெரிகிறதே’ என்று சொல்லும் விமானிகள் பொய் சொல்லவில்லை. திரையைச் செய்தவர் அதன் தளத்தை எப்படி அமைத்தார் என்பதைப் பொறுத்தது அது. சில திரைகளில் இதற்கென்றே மேற்படலம் ஒட்டியிருப்பார்கள். ஆனால் காக்பிட்டில் இருப்பது ஒரு திரை மட்டுமல்ல. தொடையில் கட்டிய டேப்லெட், வானொலி அதிர்வெண் காட்டும் சிறு கட்டம், முதன்மைத் திரை அணைந்தால் மட்டுமே தேவைப்படும் மாற்றுக் கருவி என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு தளம். டேப்லெட்டை நெடுக்கிலிருந்து கிடையாகத் திருப்பியதும் வரைபடம் மறைந்துபோகலாம். மின்சாரக் கோளாறு வந்த வேளையில் மாற்றுக் கருவியைத் தலை சாய்த்துப் பார்க்கும்போதுதான் அது தெரியவில்லை என்று கண்டுபிடிப்பது மிகவும் தாமதமான கண்டுபிடிப்பு.

திரையை விட்டுவிட்டு வெளியே பார்த்தாலும் சிக்கல் தீரவில்லை. நீல வானத்தின் ஒளியே தளவிளைவுற்றது. சூரியனிலிருந்து 90 பாகை விலகிய திசையில் அது உச்சம். விமானத்தின் முன்கண்ணாடி பல அடுக்குகளை ஒட்டி, இறுக்கி, உறுதியூட்டிச் செய்தது. அதனுள் உறைந்திருக்கும் இழுவிசைகள் ஒளியின் அதிர்வுத் தளத்தை இடத்துக்கு இடம் வேறுவேறாகத் திருப்புகின்றன. வெறுங்கண்ணுக்கு இது புலப்படாது. ஆனால் தளவிளைவுற்ற வானம் ஒரு பக்கம், போலரைஸ்டு கண்ணாடி மறுபக்கம், நடுவே இறுகிய கண்ணாடி என்று அமைந்துவிட்டால், பொறியாளர்கள் பிளாஸ்டிக் மாதிரிகளில் இழுவிசையைக் கண்டறியப் பயன்படுத்தும் சோதனைக் கருவியே உருவாகிவிடுகிறது. முன்கண்ணாடி எங்கும் வானவில் பட்டைகளும் கரும்புள்ளிகளும் தோன்றும். பரிசோதனைக் கூடத்தில் அழகான காட்சி அது. தொலைவில் ஒரு புள்ளியாகத் தெரியும் விமானத்தைத் தேடுகிறவருக்கு அது இடைஞ்சல்.

எதிரே வரும் விமானத்தின் மினுக்கத்தையும் இந்த வில்லை அழித்துவிடும் என்று எஃப்ஏஏ எச்சரிக்கிறது. இதைக் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். பளபளக்கும் வெற்று உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளி அவ்வளவாகத் தளவிளைவு அடைவதில்லை. எனவே அந்த மினுக்கம் மற்ற ஒளியைப்போலவே மங்குமே தவிர முற்றாக அழியாது. வண்ணம் பூசிய இறக்கை, கண்ணாடி மூடி ஆகியவற்றின் மினுக்கம் அழியக்கூடும். எச்சரிக்கை சரியானது, ஆனால் சிலர் சொல்லும் அளவுக்கு முழுமையானதல்ல. கடல் விமானம் ஓட்டுகிறவர்களின் வாதம் இதைவிட வலுவானதாகத் தோன்றும்: நாங்கள் இறங்குவதே தண்ணீரில்தான், பளபளப்பை நீக்கினால் நீருக்குள் இருக்கும் பாறையும் மரக்கட்டையும் தெரியுமே? தெரியும். கூடவே இன்னொன்றும் நடக்கும். அலையில்லாத நீர்ப்பரப்பில் இறங்குவது கடல் விமான ஓட்டத்தில் மிகவும் கடினமான வேலைகளில் ஒன்று, ஏனென்றால் பரப்பு எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. பரப்பைக் காட்டிக்கொடுப்பதே சிற்றலைகளின் மினுக்கமும் பிரதிபலிப்பும்தான். அவற்றை நீக்கிவிட்டு நீரின் அடியைக் காட்டும் கண்ணாடி, இறங்கும் உயரத்தைக் கணிக்க வேண்டியவரிடமிருந்து பரப்பையே பறித்துவிடுகிறது. கட்டையைத் தேடி வட்டமிடும்போது போட்டுக்கொண்டு, இறங்கும்போது கழற்றிவிடலாம் என்று ஒருவர் சொன்னால் ஒத்துக்கொள்ளலாம். அப்போது அவர் கண்ணாடியைக் கருவியாக நடத்துகிறார்.

வெயிலில் தானே கறுத்து நிழலில் தானே வெளுக்கும் போட்டோக்ரோமிக் வில்லையைப் பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை. அதைக் கறுக்க வைப்பது பெரும்பாலும் புற ஊதாக் கதிர். நல்ல முன்கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கதிர் வருவதில்லை என்பதால் வேண்டிய நேரத்தில் வில்லை கறுக்காது. திறந்த காக்பிட்டில் கறுத்துவிட்டால், வெளுக்கச் சில நிமிடங்கள் எடுக்கும். விமானம் மேகத்துக்குள் நுழையச் சில நொடிகளே போதும். குளிரில் அதிகமாகவும் வெப்பத்தில் குறைவாகவும் கறுக்கும் குணம் வேறு. புலனாகும் ஒளிக்கும் கறுக்கும் புது ரகங்கள் வந்துவிட்டன என்பது சரி, வெளுக்கும் வேகம் அவற்றிலும் மேகத்தின் வேகத்துக்கு ஈடாகாது.

கண்ணாடியின் சட்டத்தைப் (ஃபிரேமைப்) பற்றி விளம்பரங்கள் பேசுவது குறைவு, விமானிகள் புலம்புவது அதிகம். தடித்த காதுக் கம்பி ஹெட்செட்டின் மெத்தையைத் தூக்கிவிடும். அந்த இடைவெளி வழியாக எஞ்சின் இரைச்சல் நுழையும், மூன்று மணி நேரத்தில் பொட்டில் வலி தொடங்கும். மெல்லிய, நேரான கம்பியே நல்லது. ராணுவக் கண்ணாடிகளின் கம்பி வளையாமல் நேராக இருப்பதற்கும் அதுவே காரணம், ஹெட்செட்டும் தலைக்கவசமும் போட்ட பின்னும் செருகிக்கொள்ளலாம். அகன்ற பக்கச்சட்டம் ஓரப் பார்வையை மறைக்கும். வில்லைப் பொருளில் கண்ணாடி கீறலைத் தாங்கும், கனக்கும். பாலிகார்பனேட் அடியைத் தாங்கும், கீறல் விழும். சிஆர்-39 என்ற பிளாஸ்டிக் இரண்டுக்கும் நடுவே. இந்த சிஆர்-39 முதலில் வேலைக்குப் போனது இரண்டாம் உலகப் போரில் பி-17 குண்டுவீச்சு விமானங்களின் எரிபொருள் தொட்டிகளில் என்பது ஒரு துணைச் செய்தி. பறவை மோதி முன்கண்ணாடி உடையும் வாய்ப்பு இருக்கும் தாழ்ந்த உயரத்தில் சிறு விமானம் ஓட்டுகிறவருக்கு, கீறல் விழுந்தாலும் பரவாயில்லை என்று பாலிகார்பனேட்டைச் சொல்வேன்.

பவர் உள்ள விமானிகளுக்கு ஒரு விஷயம் கூடுதலாக உண்டு. பார்வைத் திருத்தம் தேவைப்படுகிறவர் உடனே எடுத்துப் போடும்படி மாற்றுக் கண்ணாடி ஒன்றை உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. பவர் போட்ட கூலிங் கிளாஸ் ஒன்று, சாதாரணக் கண்ணாடி ஒன்று என்று இரண்டோடு ஏறுகிறவர் விதியை நிறைவேற்றிவிட்டதாக நினைக்கலாம். மாலையில் புறப்பட்டு, வழியில் சூரியன் மறைந்து, சாதாரணக் கண்ணாடி காலடியில் விழுந்து உடைந்தால் கையில் மிஞ்சுவது 15 சதவீத ஒளியை மட்டும் விடும் ஒரு வில்லை. ஆகவே அவர் பையில் இருக்க வேண்டியவை மூன்று, அவற்றில் இரண்டு நிறமற்றவை.